குதிரையேற்றத்துக்கு எதிர்ச்சொல்

கால்நடை மருத்துவர் அனுப்பிய எக்ஸ்ரேயைக்
கைப்பேசியில் இரண்டு விரலால் விரித்துப் பார்த்தேன்.
பதினேழு வருடமாய் மனித எலும்புகளைப் படமெடுப்பவள்,
எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.
முதுகெலும்பின் முட்கள்
ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன
முதல் ரயிலில் தூங்கி விழும் ஆட்களைப் போல.
இனி யாரும் ஏறக்கூடாது என்றார்.

ஏறாமல் குதிரையை வைத்து என்ன செய்வது?
நம்மிடம் இருக்கும் சொல்லே குதிரையேற்றம்தான்.
சேணம், கடிவாளம், அங்கவடி, சவுக்கு,
அகராதி முழுக்க மேலே இருப்பவனுக்கு.
கீழே நிற்பவளுக்குக்
கையில் ஒரு கயிறு, அவ்வளவுதான்.

அவன் பெயர் கோப்பி.
பந்தயத் தாளில் தங்கமும் இடியும் கலந்த வேறு பெயர்,
கிராஞ்சியில் ஒருமுறை மூன்றாவதாக வந்தானாம்.
இப்போது வயது இருபத்து மூன்று,
புக்கித் தீமா லாயத்தில் கடைசித் தடுப்பு,
மின்விசிறிக்கு நேர் கீழே.

பத்தாவது மாடி ஜன்னலில் துணி காய்ந்த மூங்கில் கழிகள்,
டிரையர் வாங்கியபின் சும்மா கிடந்தவை,
ரொஸ்லானின் லாரியில் ஏறி வந்தன.
மண்ணில் ஆறையும் கிடத்தினோம்.
ஒவ்வொரு கழிக்கும் முன்னால்
எம்ஆர்டி அறிவிப்புக் குரலில் சொல்வேன்:
இடைவெளியைக் கவனத்தில் கொள்ளவும்.
முன்னங்கால்கள் தாண்டும்.
பின்னங்கால் இழுபட்டு, டொக்.
டொக் என்றால் மறுபடியும்.

மூன்றாவது வாரம் ஒரு சுற்று முழுக்கச் சத்தமே இல்லை.
வயிறு உள்வாங்கி, முதுகு
ஒரு பெருமூச்சின் அளவு மேலே எழுந்ததைப் பார்த்தேன்.
அதைப் பிடிக்க எந்த இயந்திரமும் என்னிடம் இல்லை.

நீலத் தார்ப்பாய் விரித்தபோது
செக்பாய்ண்ட்டில் நிற்கும் பஸ்போல நின்றுவிட்டான்.
இருபது நிமிடம்.
ரொஸ்லான் நடுவில் ஒரு வாழைப்பழம் வைத்தான்,
கோப்பி எல்லைகளை மறந்தான்.

தேக்காவில் வாங்கிய கேரட்டுக்கு
இடது விலாவரை கழுத்தை வளைப்பான்,
வலது விலாவுக்கு யோசிப்பான்,
முன்னங்கால் நடுவே நீட்டினால்
குனிந்து ஏறக்குறைய வணங்குவான்,
பழத்துக்கு வணங்குகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

பெஞ்சில் இடம் பிடிக்க வைத்த டிஷ்யூ பாக்கெட்டை
உதட்டால் கவ்வி என் கையில் வைக்க
நானே சொல்லிக் கொடுத்தேன்.
தப்பு.
இப்போது லாயத்தில் யாருக்கும் இடமில்லை.

குடைக்குத்தான் நிறைய நாள் ஆனது.
வங்கியில் இலவசமாய்க் கொடுத்த குடை,
ஒரு ஞாயிறு கால்வாசி, மறு ஞாயிறு அரைவாசி.
டிசம்பரில் இடி எச்சரிக்கைச் சைரன் ஊளையிட
நான் முழுதாய் விரித்து ஓட,
அவன் பக்கத்திலேயே வந்தான்
தலையை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு.
மிச்சம் நானூற்றைம்பது கிலோவும் நனைந்தது.
என் தோளும்.

கூட வேலை செய்யும் ஜோசலின் கேட்டாள்:
மாதாமாதம் இவ்வளவு கட்டுகிறாய், ஏறவும் முடியாது,
உனக்கு என்னதான் கிடைக்கிறது?
டொக், என்றேன்.
இணைப்பு துண்டித்ததென்று நினைத்து
அவளே மறுபடி கூப்பிட்டாள்.

போன வாரம் பின்னால் நடக்கும் பாடம்.
நெஞ்சில் விரல் வைத்து, பின்னே, என்றேன்.
காதைத் திருப்பினான். கொட்டாவி விட்டான்.
பின் அவனே ஓரடி முன்னால் வைத்தான்,
நான் ஓரடி பின்னால்.
இன்னொன்று.
இன்னொன்று.
மூக்கு என் வயிற்றுக்கு ஒரு சாண் முன்னால்,
தொடவில்லை, தள்ளவில்லை,
கேரட் வாளிக்கு நேராய்
என்னை ஓட்டிக்கொண்டு போகிறான் என்பது
ரொஸ்லான் சிரித்த பிறகுதான் புரிந்தது.

சுற்றிப் போகலாம் என்று பார்த்தேன்.
குதிகால் மூங்கிலில் இடித்தது,
டொக்.

நின்றான்.
நான் காலைத் தூக்கி வைக்கும்வரை
காத்திருந்தான்.